பேப்பர்ல இருக்குங்க, சேர்

கார் ஓட்டத் தெரியாமலே கார்களின் மூளையைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டியில் எனக்குத் தெரியும். அவருக்கு ஓட்டத் தெரியாமல் போனதற்கு நானே காரணம். கையெழுத்தும் முத்திரையும் வைத்து அதைச் செய்திருக்கிறேன்.

மோட்டார் வாகனப் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதியின் எந்த மூலையில் முத்திரை என்பதையெல்லாம் இன்றைக்கும் நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை.

பதினொரு நாட்களுக்கு முன் என் வீட்டு வாசலுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. அதை ஒட்டி வைத்தவர் அந்தப் பெண்மணி. அதைப் பிரித்த நேரத்திலிருந்து என் சொந்தக் கையெழுத்தைக் கண்டாலே எனக்குத் திடுக்கென்கிறது. அதனால்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். இங்கே யாராவது தன்னைப் புகழ்ந்தால், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கக்கூடிய ஆள்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் அவருடைய தம்பி ஒரு கராஜ் நடத்தினார். அதன் பின்பக்கத்தில் கண்ணாடி வைத்த ஓர் அறை. அறைக்கு வெளியே, நிலத்தில் புதைத்த இரண்டு இரும்பு உருளைகள். காரின் சில்லுகளை அந்த உருளைகள் மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓடவிட்டால், எத்தனை குதிரை வலு என்று கோடு வரைந்து தாளில் வரும். வாடிக்கையாளர் ஓட்டுவார், இவர் பக்கத்து இருக்கையில் மடியில் லெப்டொப்போடு இருப்பார். யாருடைய காரில் ஏறினாலும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறுவார். உருளைக்கு வெளியே வீதியில் ஓட்டிப் பார்க்கப் போகும் நாட்களில், இரண்டு செருப்பும் கராஜ் வாசலில் காவல் நிற்கும். திரும்பி வந்து, வெறுங்காலோடு இறங்கி, கித்துள் கருப்பட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார். நாற்பது வயதிருக்கும். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். எங்கே படித்தார் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை "டெக்னிக்கல்ல" என்றார். இன்னொருமுறை "தோட்டத்துப் பெக்டரி எஞ்சின் ரூம்ல" என்றார். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும்.

எனக்கு அறுபது வயதானபோது நான் ஒரு சிவப்புக் கார் வாங்கினேன். ஜப்பான்காரன் செய்தது, இரண்டு கதவு, இரண்டு லீற்றர் எஞ்சின், டர்போ கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரியான என் மனைவி அதற்குச் 'சிவப்புச் சனியன்' என்று பெயர் வைத்தாள். "உதுக்குள்ள ஏறுறதுக்கு ஒரு எண்ணெய் பூசவேணும், இறங்கிறதுக்கு இன்னொரு எண்ணெய் பூசவேணும்" என்று முழங்காலைத் தடவுவாள். முதல் நான்கைந்து வருடம் அவள் அதில் ஏறியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்.

அந்தக் காரில் ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அப்படித்தான் அந்த அறைக்கு முதன்முதல் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சேருக்கு என்னையத் தெரியாது. எனக்கு சேரத் தெரியும். லைசன்ஸுக்கு வந்தப்ப ரெண்டு தடவ பெயில் பண்ணினீங்க."

"நானோ? இருக்காது பிள்ளை."

"பேப்பர்ல இருக்குங்க."

மேசை லாச்சியை இழுத்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். என் எழுத்துத்தான். முதல் தாளில், ஏற்றத்தில் வாகனம் பின்னால் உருண்டது என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில், ஓட்டுநரின் கவனம் வீதியில் இல்லை.

"ரெண்டாவது தடவ ஓட்டிக்கிட்டு இருக்கிறப்ப சேர்ட்ட ஒண்ணு சொன்னேன். மூணாவது சிலிண்டர் அடிக்கல சேர், கேட்டுப் பாருங்கன்னு. சேர் உடனே எழுதினீங்க."

"பிறகு?"

"ஓட்டப் பழக்கிற ஆளு அடுத்த வாரம் பிளக் மாத்தினாரு. மூணாவது பிளக்."

என் காது சுட்டது. மூன்றாவது தடவை ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"சேர் எழுதினது சரிதானுங்களே. என் கவனம் ரோட்டுல இல்ல. எஞ்சின்லதான் இருந்திச்சு."

இதில் குத்தல் ஒரு துளியும் இல்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் பெயிலானவர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், ஒருவர் நாய்க்கு என் பெயரை வைத்திருக்கிறார். என் தீர்ப்பைச் சரியென்று ஒப்புக்கொண்டு, அந்தத் தாளைப் பத்திரமாகவும் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகத் தொடங்கினேன். கண்ணாடி அறைக்குள் உட்கார ஒரு நீள வாங்கு இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வாங்கு, மற்றவர்களுடைய பிழை, ஒரு பிளேன்டீ.

அங்கே வரும் இளந்தாரிகள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். எஞ்சின் கொம்பியூட்டரைத் திருத்தினால் எவ்வளவு ஏறும்? டர்போ உள்ள வாகனம் என்றால் அவர் மறுபேச்சில்லாமல் வேலையைத் தொடங்குவார். டர்போ இல்லாததென்றால் முகம் மாறும்.

"டர்போன்னா பம்ப் வச்சு காத்த அடைக்கிறது. கொம்பியூட்டர்ல சொன்னா இன்னும் கொஞ்சம் அடைக்கும். இது சொந்த மூக்கால மூச்சு விடுற வண்டி. நான் எங்கிட்டு போயி காத்து கொண்டாறது? கம்பனிக்காரன் முடிஞ்சதெல்லாம் செஞ்சிட்டுத்தான் அனுப்பியிருக்கான்."

"ஒண்ணுமே ஏறாதா அக்கா?"

"தொண்ணூத்தஞ்சு ஒக்டேன் பெற்றோல் மட்டும் அடிங்க. அஞ்சு குதிர வரலாம். சைலன்சர், கேம்ஷாப்ட் எல்லாம் மாத்திட்டு வந்தீங்கன்னா அப்ப இந்த வேல கட்டாயம் செய்யணும், இன்னும் கொஞ்சம் வரும். சும்மா லெப்டொப்ப மட்டும் குத்தினா ஒண்ணும் பெருசா வராது. ஸ்பெயார் வீல வீட்டுல எறக்கி வச்சிட்டு ஓடுங்க, அதுவும் ஒரு லாபந்தான்."

முக்கால்வாசிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். தம்பி வெளியே தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார்.

அக்குறணையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தகப்பனுக்கு இரும்புக்கடை. கார் என் காரின் தம்பி மாதிரி, வெள்ளை நிறம், டர்போ இல்லாதது. "இன்டர்நெட்ல பாத்தேன் அக்கா, இதே வாகனம், முப்பது குதிரை ஏறி ஈக்கி. எனக்கும் ஏத்தித் தாங்க" என்றார். இவர் காற்று, மூக்கு எல்லாம் சொன்னார். அவர் கேட்பதாயில்லை. சரி, வருவது வரட்டும் என்று உருளையில் ஏற்றி, முதல் கோட்டைத் தாளில் எடுத்து, லெப்டொப்பைச் செருகி, காரின் கொம்பியூட்டரிலிருந்த பழைய கோப்பை வாசித்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மின்வெட்டு தினமும் வந்த காலம் அது. இவர் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, தம்பியோடு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார். தொலைபேசியில் பேச வெளியே போயிருந்த இளைஞர் திரும்பி வந்தார். கேபிள் கழன்றிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, காரை எடுத்துக்கொண்டு பாலம் வரை ஓடிவிட்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா! சும்மா பறக்குது! வேற வாகனம் மாதிரி ஈக்கி! மூணாவது கியர்ல சீட்டோட ஒட்டிப்போச்சு முதுகு!"

இவர் கையில் கிரீஸோடு நின்றார். "தம்பி, நான் இன்னும் ஒண்ணுமே செய்யலைங்க."

"சும்மா பொய் செல்லாதீங்க அக்கா."

"பேப்பர்ல இருக்குங்க." கரண்ட் வந்தபின் மறுபடி உருளையில் ஏற்றிக் கோடு எடுத்துக் காட்டினார். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. அந்த இளைஞர் முகம் சிவந்து, பிறகு வெளுத்து, காரை எடுத்துக்கொண்டு போனார். நான் வாங்கில் இருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"பாவம் சேர். பொய் சொல்லல அந்தப் புள்ள. முதுகு ஒட்டினது நெசந்தான். மனசு ஒட்ட வச்சிருச்சு." பிறகு ஒரு தொழில் இரகசியத்தையும் சொன்னார். "எக்சிலேட்டர் மிதிய மட்டும் கொஞ்சம் கூர்மையாக்கினாலே போதும் சேர். லேசா அமுக்கினா வண்டி சட்டுன்னு தாவும். ஆளு பவர் கூடிருச்சுன்னு சத்தியம் பண்ணுவாரு. குதிர ஒண்ணும் கூடியிருக்காது. காலு ஏமாந்து போகும்."

மிகவும் இரசித்தேன். வீட்டில் வந்து மனைவிக்கும் சொன்னேன். அவள் சோற்றுப் பானையைக் கிண்டியபடி, "அப்பிடியோ? காலை ஏமாத்தலாமோ?" என்று கேட்டாள். அக்கறையாகக் கேட்கிறாளே என்று எனக்கு மகிழ்ச்சி.

இதற்கெல்லாம் ஒரு நடைமுறை வேண்டும் என்று அடுத்த நாளே அவரிடம் சொன்னேன். படிவம் ஒன்றை நானே எழுதிக் கொடுத்தேன், மூன்று மொழியிலும். உரிமையாளர் பெயர் முதலாம் கூட்டில், வாகன இலக்கம் இரண்டாம் கூட்டில். மூன்றாம் கூட்டில், கோரப்பட்ட வேலையும் அதைக் கோரியவரும். உரிமையாளர் ஒருவர், கோருபவர் இன்னொருவர் எதற்கு என்று இவர் கேட்டார். மகன்மார் தகப்பனுடைய வாகனத்தைக் கேட்காமல் கொண்டுவந்து கொடுப்பார்கள், நாளைக்கு வழக்கென்று வந்தால் யார் சொன்னது என்று தாளில் இருக்கவேண்டும் என்று விளக்கினேன். என் சேவைக் காலத்தில், கோரியவர் பெயர் இல்லாத ஒரு கோப்புக்கும் நான் கையெழுத்து வைத்ததில்லை.

நான்காம் கூடுதான் என் பெருமை. வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் வீதியில் ஓட்டிவிட்டு வந்து, தான் உணர்ந்ததைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐந்தாம் கூட்டில் ஒரு சாட்சி. அதற்குப் பிறகுதான், உருளையில் எடுத்த முன் கோடும் பின் கோடும் உள்ள உறை அவர் கையில் கொடுக்கப்படும். பிரித்துப் பார்த்துவிட்டு ஆறாம் கூட்டில், 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்று மறுபடி கையெழுத்து. ஆறாம் கூடு நிரம்பாத கோப்பு முடிவடையாத கோப்பு.

இவருக்கு அந்தப் படிவம் பிடித்துப்போயிற்று. தான் வாயால் சொல்லவேண்டிய கசப்பையெல்லாம் தாள் சொல்லிவிடும். அதன்பிறகு வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். "இருபது குதிரை" என்று எழுதிவிட்டு உறைக்குள் இரண்டரையைக் கண்டவர்களின் முகங்களை ஓர் அல்பமாகவே போடலாம். "என்ன தம்பி, மிச்சக் குதிரையெல்லாம் லாயத்திலயோ?" என்று கேட்பேன். இவர் என்னைப் பார்ப்பார். ஒருமுறை மட்டும் சொன்னார்:

"சேருக்கும் ஒரு நாளைக்கு உறை வரும் சேர்."

"எனக்கோ? நான் முப்பத்தொரு வருஷம் வாகனம் பாத்தவன் பிள்ளை. என்ர காலை ஏமாத்த ஏலாது."

பிளேன்டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். விவாதம் முடிந்தால் அப்படித்தான் வைப்பார்.

இனி எழுதப்போவதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எரிபொருள் வரிசைகள் ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெல்தோட்டையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். மனைவிக்கு வேறு வழியில்லை, சிவப்புச் சனியனில்தான் வந்தாள். கலஹா தாண்டி ஒரு வளைவு. தேயிலை மேட்டில் வெயில் அடித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, கார் நின்றுகொண்டிருந்ததுதான். இடதுபக்கச் சில்லுகள் வீதியோரத்துத் தண்ணீர்க் கானின் விளிம்பில். கைப்பிரேக் முழுவதும் மேலே இழுத்திருந்தது. எஞ்சின் நின்றிருந்தது. எங்கோ ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது.

"நாய் ஒண்டு குறுக்க வந்திட்டுது" என்றேன்.

"ஓம்" என்றாள் மனைவி.

நாய் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்த மூன்று நான்கு விநாடிகள் என்னிடம் இல்லை. யாரோ கத்தரியால் வெட்டி எடுத்ததுபோல இருந்தது. கைப்பிரேக்கை நான்தான் இழுத்திருக்கவேண்டும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பழகிய கை. கலியாண வீட்டில் நன்றாகவே சாப்பிட்டேன்.

இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்யவேண்டும் என்ற நடைமுறையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் மத்திய மாகாணத்தில் இருந்திருக்கமாட்டார். மருத்துவரிடம் போகவேண்டும். அறிக்கை வரும்வரை சாவியைத் தொடக்கூடாது. அறிக்கை சரியில்லையென்றால் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒப்படைக்கவேண்டும். கண்ணீரோடு கெஞ்சிய எத்தனை வயதானவர்களை அந்த வழியில் அனுப்பியிருக்கிறேன். "இது உங்கட உயிர் மட்டும் இல்லை ஐயா" என்று பிரசங்கம் வேறு. நடைமுறை அவ்வளவு நன்றாகத் தெரிந்ததனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, காரைக் கொஞ்சம் டியூன் பண்ணலாம் என்று எனக்கு ஆசை வந்தது. ஏன் என்று இப்போது புரிகிறது. அப்போது, எஞ்சின் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

"சேருக்கே தெரியுமேங்க. மூக்கால மூச்சு விடுற வண்டி" என்றார் அவர்.

"குதிரை வேண்டாம் பிள்ளை. ஒரு உசார் இருந்தால் போதும்."

"நானும் வாறன்" என்று அன்று மனைவி கிளம்பியிருந்தாள். நான் வெளியே தம்பியோடு டயர் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள் அவளும் அவரும் பேசுவது தெரிந்தது. பெண்கள் பேசுகிறார்கள், சமையலாக இருக்கும் என்று நினைத்தேன். இதைவிட வெட்கமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

மூன்று நாள் கழித்துக் காரை எடுக்கப் போனோம். நான் கெட்டம்பே வரை ஓட்டிவிட்டு வந்தேன். மிதியைத் தொட்டதும் தாவியது. இறங்கும்போது எனக்கு நாற்பது வயது. படிவத்தை வாங்கி, நான் எழுதிய படிவம்தானே என்று நேரே நான்காம் கூட்டுக்குப் போய் எழுதினேன்: 'ஆரம்ப வேகத்தில் இழுவை தெளிவாகக் கூடியுள்ளது. எஞ்சின் ஓட்டம் சீராக உள்ளது. குறைந்தது பத்துக் குதிரை வலு கூடியிருக்கும் என்பது எனது தொழில்சார் அபிப்பிராயம்.' கையெழுத்து. அதன் கீழே, ஓய்வுபெற்ற பரிசோதகர். ஐந்தாம் கூட்டில் மனைவி சாட்சிக் கையெழுத்திட்டாள்.

அவர் உறையை நீட்டினார். "பிரிச்சுப் பாருங்க சேர்."

"தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"பேப்பர்ல இருக்குங்க, சேர். பாத்துட்டுப் போங்க."

"மற்ற ஆக்களுக்குத்தான் பேப்பர் வேணும் பிள்ளை."

"ஆறாம் கூட்டுல கையெழுத்து வேணுமே சேர். சேர் எழுதின சட்டந்தானே."

மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவருடைய குரல் சரியாக இல்லை. எழுந்து நின்றிருந்தார், செருப்பில்லாமல். "பிறகு வந்து போடுறன்" என்று சொல்லிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்று, அவருடைய கையைப் பிடித்துவிட்டு வந்தாள்.

நான் போய்ப் போடவில்லை. அடுத்தடுத்த தடவைகளில் நான் வாங்கில் உட்கார்ந்ததுமே அவர் இரும்பு அலுமாரியைத் திறந்து உறையை எடுப்பார். "விடு பிள்ளை" என்பேன். நாளடைவில் அந்த வாங்குக்கே போவது குறைந்தது. அடுத்த வருடம் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார் என்று தம்பி சொன்னார்.

இந்த மூன்று வருடங்களில் ஓர் அதிசயம் நடந்தது. என் மனைவிக்கு அந்தக் கார் பிடித்துப்போயிற்று. கடைக்குப் போனால் வருவாள், கம்பளையில் நண்பர் வீட்டுக்குப் போனால் வருவாள், தலைமயிர் வெட்டப் போனாலும் காரில் வந்து இருப்பாள். முழங்காலுக்கு இரண்டு எண்ணெய் பூசிக்கொண்டு வருவாள். "எப்பிடி, உங்கட சனியன் பழகீட்டுதோ?" என்று கேலி செய்வேன். "ஓம், என்ன செய்யிறது" என்பாள். வலது கையை இருக்கைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டபடியே இருப்பாள். இரண்டொரு தடவை நேரான வீதியில் கார் ஒரு கட்டத்துக்கு மேல் போக மறுத்தது. பெற்றோல் தரமில்லை என்று பெற்றோல் செட்காரரோடு சண்டை பிடித்தேன். வாங்கில் கேட்டதையெல்லாம் மறந்து, டியூன் பண்ணிய பிறகு என் கார் எப்படிப் பாய்கிறது என்று நண்பர்களுக்குப் பாடம் எடுத்தேன்.

பதினொரு நாட்களுக்கு முன் காலை பத்து மணிக்குத் தம்பி வாசலில் நின்றார். கராஜை விற்கப்போகிறாராம், அலுமாரியைக் காலி செய்தாராம்.

"எல்லாக் கோப்பும் முடிஞ்சிருச்சு சேர். இது ஒண்ணுலதான் ஒரு கையெழுத்து பாக்கி. இத மட்டும் போஸ்ட்ல போடாத, நேர்ல கொண்டுபோய் சேர் கையில குடுன்னு அக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் இத்தன நாளா மறந்துட்டேன்."

சிரித்துக்கொண்டு பிரித்தேன். கோட்டுத்தாளில் சிவப்புக் கோடு முன், நீலக் கோடு பின். நீலம் கீழே இருந்தது. தாளைத் திருப்பிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து, நேராக்கினேன். எழுத்து தலைகீழானது. மறுபடி திருப்பினேன். நூற்று நாற்பத்தெட்டுக் குதிரை நூற்று ஏழாகியிருந்தது. கீழே அவருடைய சிறிய எழுத்தில்: வேகம் எழுபது கிலோமீற்றரில் கட்டப்பட்டது. மிதியின் ஆரம்பம் சற்றுக் கூர்மையாக்கப்பட்டது.

படிவத்தை எடுத்தேன். நான்காம் கூட்டில் என் தொழில்சார் அபிப்பிராயம். அதற்கு ஒரு விரல் மேலே, மூன்றாம் கூட்டில், வலுவைக் குறைத்தல். கோரியவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர், அவளுடைய உருண்டை எழுத்தில். நான் எழுதியபோது என் பேனா அந்தப் பெயரைத் தாண்டித்தான் போயிருக்கவேண்டும். ஆயிரக்கணக்கான படிவங்களை வாசித்த நான், நானே எழுதிய படிவம் என்பதனால் அதை வாசிக்கவில்லை.

ஆறாம் கூட்டுக்குள் ஒரு சிறு தாள் குத்தியிருந்தது. 'வாகனத்தில் பிழை எதுவும் இல்லை. ஓட்டுநரை மருத்துவரிடம் அனுப்பவும். கார் இன்னும் ஆபத்துத்தான். இது தற்காலிகம்.'

பெயில் தாள் எழுதும் அதே பாணி. என்னிடம் கற்றது.

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி அடுப்படி வாசலில் நின்றாள். உறையைக் கண்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாய் வரேல்லை" என்றாள்.

"என்ன?"

"கலஹாவில. நாய் ஒண்டும் வரேல்லை. நீங்கள் கண்ணைத் திறந்தபடி இருந்தியள், கூப்பிடக் கூப்பிடப் பேசேல்லை. நான்தான் கைப்பிரேக்கை இழுத்தனான்."

தம்பி வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் சாவியைத் தந்திருப்பியளோ? அந்தப் பிள்ளையிட்டப் போய்க் கெஞ்சினன், காரைப் பழுதாக்கி விடு எண்டு. அது மாட்டன் எண்டிட்டுது. குறைக்கலாம், ஆனா மறைக்கமாட்டன், பேப்பரில எழுதுவன், சேர் வாசிச்சிட்டு உடனே சாவியைத் தந்திடுவார் அம்மா எண்டு சொன்னது. அது உங்களை நம்பினது."

"நீ?"

"நான் சொன்னனான், அவர் வாசிக்கமாட்டார் பிள்ளை எண்டு. அதுதான் மூண்டு வருஷமாப் பக்கத்தில வந்தனான்."

இருக்கைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்த வலது கை ஞாபகம் வந்தது. கைப்பிரேக்குக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில். கம்பளைக்கும், கடைக்கும், சலூனுக்கும். மூன்று வருடம் அவள் வெளியே பார்த்து எதையும் இரசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

தம்பி தொண்டையைக் கனைத்தார். "சேர், எஞ்சினோட பழைய பைல் எங்கிட்ட இருக்குங்க. வேணும்ன்னா பழையபடி போட்டுத் தாறேன்." சங்கடத்தில் சொன்னார், பாவம். ஒரு விநாடி, உண்மையைச் சொல்கிறேன், ஒரு முழு விநாடி, நான் அந்த நூற்று நாற்பத்தெட்டை நினைத்தேன்.

பிறகு ஆறாம் கூட்டில் கையெழுத்திட்டேன். வாசித்து விளங்கிக்கொண்டேன். காற்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தேன். மனைவி சாவியை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

தம்பி படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அக்காவிடம் வேலை செய்த பழக்கம்.

"சேர், தேதி போடலைங்க."

தேதி இல்லாத படிவங்களை என் காலத்தில் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பேனாவை மறுபடி எடுத்தேன். இன்றைக்கு என்ன தேதி என்று எழுதப் போனேன். வரவில்லை. மாதமும் வரவில்லை. பேனா தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. மையில் ஒரு புள்ளி பெருத்துக்கொண்டு வந்தது.

மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, மெதுவாக, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். நான் எழுதினேன்.